பொலிகிடாவை எப்படிச் சோதிப்பது?

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் 28 பெட்டை ஆடுகள் நின்றன. எல்லாம் செம்மறி. திருநெல்வேலி மாவட்டம் மானூருக்கு வடக்கே கரிசலும் செவலும் கலந்து கிடக்கிற மேய்ச்சல் காடு. ஓர் ஆவணி மாதம் சித்தப்பா சந்தையிலிருந்து ஒரு பொலிகிடாவை, அதாவது பெட்டைகளைச் சினைப்படுத்த விடுகிற கிடாவை, பிடித்துக்கொண்டு வந்தார். கொம்பு சுருண்டு காதோரம் வந்து நின்றது. அகலமான நெஞ்சு, திரண்ட கழுத்து, கயிற்றைப் பிடித்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கொடுத்த விலைக்குக் கிடா சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

தை மாதம் ஈன்றவை ஒன்பது. மாசி முடிய இன்னும் நான்கு. மீதி 15 ஆடும் வயிறு ஒட்டித்தான் நின்றன. மேய்ச்சல் போதவில்லை என்றார் ஒருவர். ஆட்டுக்கு உள்சூடு என்றார் இன்னொருவர். சித்தப்பா அதில் ஆறு ஆடுகளை மலடு என்று முடிவு கட்டிக் கறிக்கடைக்குக் கொடுத்துவிட்டார். கிடாவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது பாட்டுக்குக் கொட்டடியில் நின்று குழை தின்றுகொண்டிருந்தது.

பங்குனியில் தடுப்பூசி போட வந்த டாக்டரம்மாவிடம் சித்தப்பா குறைப்பட்டுக்கொண்டார். அவர் ஆடுகளைப் பார்க்கவே இல்லை. நேராகக் கிடாவின் பின்னால் போய்க் குனிந்து விதைப்பையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு பக்கம் அடியில கல்லு மாதிரி இருக்கே. வாங்கும்போது தடவிப் பாத்தீங்களா?"

"அதை யாரு டாக்டரம்மா தடவிப் பாக்கப் போறா?"

அந்தப் பதில்தான் எங்கள் பக்கத்து நிலவரம். கொம்பைப் பார்ப்போம், பல்லைப் பிடித்துப் பார்ப்போம், தூக்கி எடை பார்ப்போம், நிறமும் சுழியும்கூடப் பார்ப்போம். எந்த வேலைக்காக வாங்குகிறோமோ அந்த உறுப்பைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் இல்லை. கறிக்குப் போன ஆறு ஆடுகளில் எத்தனை நல்ல ஆடு என்பது இனி ஒருபோதும் தெரியாது. புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். சொல்வது பெரும்பாலும் செம்மறியைப் பற்றி. வெள்ளாட்டுக்கும் காளைக்கும் அடிப்படை ஒன்றே. மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒரு பெட்டை மலடாக இருந்தால் அந்த வருடம் ஒரு குட்டி போகும். கிடாவில் கோளாறு இருந்தால் மந்தை முழுவதும் அடிபடும். ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 பெட்டை என்பது வழக்கமான கணக்கு. இப்போதுதான் பொலிய ஆரம்பிக்கிற இளங்கிடா என்றால் அதில் பாதி போதும்.

முழு மலடான கிடா அபூர்வம். வந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒரு ஆடும் சினை நிற்காது. நம்மை ஏமாற்றுவது அரைகுறைக் கிடா. அது பெட்டைகளைத் துரத்தும், ஏறும், எல்லாம் செய்யும். சினை மட்டும் சிலதுக்கே பிடிக்கும். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். செம்மறி 17 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். உங்களிடம் 30 பெட்டை இருக்கிறது, ஒரு சுற்றில் பத்துக்கு ஏழு சினை பிடிக்க வைக்கிற கிடா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் 21, அடுத்ததில் மீதி ஒன்பதில் ஆறு, மூன்றாவதில் இன்னும் இரண்டு. 51 நாளில் ஒன்று தவிர எல்லாம் சினை. பத்துக்கு மூன்று பிடிக்க வைக்கிற கிடா என்றால் அதே 51 நாளில் 20 ஆடுதான் தேறும். அந்த இருபதும் ஒரே சமயத்தில் ஈனாது. ஒன்று தையில், ஒன்று மாசியில், ஒன்று பங்குனியில் என்று இழுத்துக்கொண்டு போகும். தையில் பிறந்த குட்டிக்கு மழை கொடுத்த புல் இருக்கும், தாய்க்குப் பால் இருக்கும். பங்குனிக் கடைசியில் பிறந்த குட்டி நேராக வெயிலில் போய் விழும். கிடாவின் குறை குட்டியின் எடையில் வந்து நிற்பது இப்படித்தான். அதை யாரும் கிடாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

உடம்பு, கால், பல்

முதலில் கிடாவை நடக்க விட்டுப் பாருங்கள். பொலிகிற வேலை பின்னங்கால்களில்தான் இருக்கிறது. ஏறும்போது உடம்பின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்கும். குளம்பு வளர்ந்து மடங்கியிருந்தாலோ, மூட்டு வீங்கியிருந்தாலோ, பின்னங்கால் கம்பு மாதிரி நேராக விறைத்து நின்றாலோ அந்தக் கிடா இரண்டு நாள் ஏறிவிட்டு மூன்றாம் நாள் படுத்துக்கொள்ளும். கண்ணையும் பாருங்கள். பரந்த மேய்ச்சலில் பருவத்துக்கு வந்த ஆட்டைக் கண்டுபிடிக்க அதற்குக் கண்ணும் மூக்கும் இரண்டும் வேண்டும்.

பல் வயதைச் சொல்லும். பால் பல் விழுந்து இரண்டு பல் போட்டால் ஒன்று, ஒன்றரை வயது. பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு ஜோடி. கடைப்பல் போட்டால் நான்கு வயது இருக்கும். இரண்டு பல்லிலிருந்து கடைப்பல் வரை நல்ல காலம்.

சதை நடுத்தரமாக இருக்க வேண்டும். முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எலும்பு தட்டுப்பட வேண்டும், ஆனால் குத்தக்கூடாது. பொலிகிற காலத்தில் கிடா சரியாக மேயாது. அதனால் கொஞ்சம் தேறின உடம்போடு இறங்குவது நல்லது. கொழுத்துப் போகவும் விடக்கூடாது. விதைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு சேர்ந்தால் விதைக்குச் சூடு ஏறும். இந்தச் சூட்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

விதைப்பை ஏன் வெளியே தொங்குகிறது?

செம்மறியின் உடம்புச் சூடு சுமார் 39 டிகிரி செல்சியஸ். விதைக்கு அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். அதற்காகத்தான் உடம்புக்கு வெளியே பையில் தொங்குகிறது. மேலேயிருந்து இறங்கும் ரத்தக் குழாய் நேராக வராமல் சுருள் சுருளாகச் சுற்றி வரும். அதைச் சுற்றிலும் விதையிலிருந்து திரும்புகிற குளிர்ந்த ரத்தம் ஓடும் குழாய்கள் பின்னிக்கிடக்கும். சூடான ரத்தம் அந்தப் பின்னலுக்குள் நுழைந்து ஆறிப்போய்த்தான் விதைக்குள் இறங்குகிறது.

இதை உங்கள் கொட்டடியிலேயே பார்க்கலாம். மார்கழி விடியற்காலையில் கிடாவின் பின்னால் போய் நில்லுங்கள். பை சுருங்கி, தோல் மடிப்பு மடிப்பாக, வயிற்றை ஒட்டி ஏறியிருக்கும். அதே கிடாவை மதியம் வெயிலில் பாருங்கள். பை நீண்டு, தோல் மழமழவென்று விரிந்து, கணுக்கால் பக்கம் வரை தொங்கும். இப்படி ஏறி இறங்குகிற பை நல்ல பை. குளிரிலும் வெயிலிலும் ஒரே இடத்தில் நிற்கிற பையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வயிற்றோடு ஒட்டியே இருக்கிற குட்டைப் பையும் நமது வெயிலுக்கு ஆகாது.

இப்படி ஆற்றிக்கொள்வதற்கும் ஒரு எல்லை உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது நிழல் இல்லாமல் நிற்கிற கிடாவின் பை எவ்வளவு தொங்கினாலும் போதாது. காய்ச்சலும் அதே வேலையைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நமது மாவட்டத்துச் செம்மறிகளுக்கு வருகிற நீலநாக்கு நோயில் காய்ச்சல் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக்கூடும். நோய் இறங்கி, கிடா நன்றாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் விதை தேறியிருக்காது.

ஏனென்றால் ஒரு விந்தணு விதைக்குள் உருவாக ஏழு வாரம் ஆகிறது. பிறகு விதையை ஒட்டி ஓடும் நீண்ட குழாயில் ஒன்றரை, இரண்டு வாரம் தங்கி முதிர வேண்டும். மொத்தம் ஏறக்குறைய இரண்டு மாதம். காளைக்கு இன்னும் சில நாள் கூடுதல். ஆகவே இன்று கிடா தருகிற விந்து இரண்டு மாதத்துக்கு முந்தைய உடம்பின் கணக்கு. வைகாசி வெயிலில் வாடின கிடாவை ஆனியில் மந்தையில் விட்டுவிட்டு ஆடுகளைக் குறை சொல்லக்கூடாது. ஆவணியில் விடப்போகிற கிடாவை ஆனியிலேயே சோதியுங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதனால்தான். குறை தெரிந்தால் தேற்றவோ மாற்றவோ அந்த இரண்டு மாதம் கையில் இருக்கும்.

கையால் தடவிப் பார்ப்பது

ஒருவர் கிடாவின் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து பையின் கழுத்தில் ஒரு கையை வைத்து இரண்டு விதைகளையும் மெதுவாகக் கீழே தள்ளுங்கள். முதல் கேள்வி, இரண்டும் இருக்கின்றனவா என்பது. ஒரு விதை பிறப்பிலேயே இறங்காமல் வயிற்றுக்குள் நின்றுவிடுவது உண்டு. அப்படிப்பட்ட கிடாவும் ஒரு விதையை வைத்துக்கொண்டு சினை பிடிக்க வைக்கும். ஆனால் அந்தக் குறை பரம்பரையில் வரக்கூடியது. எத்தனை அழகாக இருந்தாலும் பொலிக்கு வைக்காதீர்கள்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். பைக்குள் தாராளமாக நழுவி ஏறி இறங்க வேண்டும். அழுத்திப் பார்த்தால் பழுக்கத் தொடங்கிய கொய்யாக்காய் மாதிரி, உறுதியும் இருக்க வேண்டும், கொஞ்சம் உள்வாங்கவும் வேண்டும். நுங்கு மாதிரி கொளகொளவென்று இருந்தால் விந்தணு உற்பத்தி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பாக்கு மாதிரி இறுகிச் சிறுத்திருந்தால் விதை வற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது விரலை அடிப்பக்கம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு விதையின் அடியிலும் நாவல் பழம் போல ஒரு புடைப்பு தட்டுப்படும். முதல் தடவை தடவுகிறவர்கள் இதைக் கட்டி என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். பயப்பட வேண்டாம். நான் சொன்ன நீண்ட குழாய் முடிகிற இடம் அது. முதிர்ந்த விந்தணுக்கள் அங்கேதான் சேர்ந்திருக்கும். கிடாவில் அது நன்றாகவே புடைத்திருக்கும். பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதை. எங்கள் கிடாவுக்கு வலது பக்கம் அந்தப் புடைப்பு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிக் கல்லாக இருந்தது. தொட்டபோது காலை உதறியது. குழாய் அழன்று, தழும்பாகி, வழி அடைபட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கத்து விதை என்ன உற்பத்தி செய்தாலும் வெளியே வர வழியில்லை. இடது பக்க விதையும் சிறுத்துத் துவண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இப்படிப்பட்ட வீக்கம் முட்டி மோதிய அடியாலும் வரலாம், கிருமியாலும் வரலாம். கிருமி என்றால் முதலில் நினைக்க வேண்டியது புரூசெல்லா. அது கிடாவிலிருந்து பெட்டைக்கும், கருச்சிதைவு வழியாக மந்தை முழுவதற்கும் பரவும். அதில் சில வகைகள் மனிதர்களுக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியுமாக நாள்பட இழுக்கும். வீக்கம் தட்டுப்பட்டால் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை கிடாவைத் தனியே கட்டுங்கள். கருச்சிதைவான குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்களை ஈற்றுப் பக்கமே விடாதீர்கள். எங்கள் கிடாவின் ரத்தத்தில் புரூசெல்லா இல்லை என்று வந்தது. ஆகவே பழைய அடியாக இருந்திருக்கும்.

அடுத்தது அளவு. தையற்காரர் நாடா ஒன்று போதும். இரண்டு விதைகளையும் பையின் அடிக்குத் தள்ளி, அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றி, தோலை நெரிக்காமல் வாசியுங்கள். விதைகளுக்கு நடுவில் விரலை விட்டுப் பிடித்தால் அளவு கூடித் தெரியும், பக்கவாட்டில் பிடியுங்கள். பெரிய விதை அதிக விந்தணு உருவாக்கும் என்பது நேரடியான விஷயம். மாட்டில் இன்னொன்றும் தெரிந்திருக்கிறது: பெரிய விதையுள்ள காளையின் பெண் கன்றுகள் சீக்கிரமே பருவத்துக்கு வருகின்றன. அப்பனிடம் நாடா பிடித்தால் மகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிகிறது. அமெரிக்காவில் கறிமாட்டுக் காளைக்கு 15 மாத வயதில் குறைந்தது 30 சென்டிமீட்டர், இரண்டு வயது தாண்டினால் 34 சென்டிமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்த எண்களையோ, பெருத்த உடம்புள்ள வெளிநாட்டுக் கிடாக்களின் எண்களையோ நமது கீழக்கரிசல், வேம்பூர், செவ்வாட்டுக் கிடாக்களுக்கு அப்படியே வைத்துப் பார்ப்பது நியாயம் இல்லை. உடம்பு சிறிய இனங்கள் இவை. ஒரே வயது, ஒரே மேய்ச்சலில் வளர்ந்த கிடாக்களை வரிசையாக அளந்து அதில் பெரியதை எடுங்கள். அதே கிடாவை ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் அளந்து எழுதி வையுங்கள். போன வருடத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் அது செய்தி.

ஆணுறுப்பையும் உறையையும் பார்க்க டாக்டர் உதவி வேண்டும். கிடாவைப் புட்டத்தில் உட்கார வைத்து வெளியே தள்ளிப் பார்ப்பார்கள். புண், சீழ், ஒட்டிக்கொண்ட தோல் எதுவும் இருக்கக்கூடாது. தவிடும் தீவனமும் அள்ளிப் போட்டு வளர்த்த கிடாவுக்கு அங்கே கல்லடைப்பும் வரும். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்கிற கிடாவை அன்றே காட்டுங்கள்.

விந்துப் பரிசோதனை

இது டாக்டர் வேலை. ஆனால் என்ன பார்க்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தால் கேள்வி கேட்க முடியும். 2012-ல் தொடங்கிய ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கிடாவை ஒரு பெட்டையின் மேல் ஏற விட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய செயற்கை உறையில் விந்தைச் சேகரிப்பார்கள். பழகாத கிடாவுக்கு மின்தூண்டல் கருவி வைப்பதும் உண்டு. கிடாவிடமிருந்து கிடைப்பது ஒரு மில்லி அளவுதான். காளை தருகிற நாலு, எட்டு மில்லியைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் கிடாவின் ஒரு மில்லியில் 200 கோடிக்கும் மேல் விந்தணு இருக்கும். ஆடைப்பால் மாதிரி கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் நல்லது. மோர்த்தண்ணீர் மாதிரி இருந்தால் எண்ணிக்கை குறைவு. இளஞ்சிவப்பு புது ரத்தம், பழுப்பு பழைய ரத்தம் அல்லது சீழ்.

ஒரு சொட்டை வெதுவெதுப்பான கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் காட்டினார் டாக்டரம்மா. எங்கள் பழைய கிடாவுடையது அல்ல, அடுத்து வாங்கின கிடாவுடையது. தனித்தனி அணு எதுவும் தெரியவில்லை. ஆடிமாதம் குற்றால மலை மேல் மேகம் திரண்டு சுழன்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகுமே, அப்படி இருந்தது. நல்ல விந்தில் அந்த அலையடிப்பு தெரியும். அப்புறம் அதை நீர்க்க வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக நேர்கோட்டில் நீந்துவது தெரிந்தது. கண்ணாடி குளிர்ந்திருந்தால் நல்ல விந்தணுவும் அசையாமல் நின்றுவிடும். ஆகவே சூடு சரியாக வைத்திருந்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கிடாவைக் கழிக்க வேண்டும்.

பிறகு சாயம் போட்டு உருவத்தைப் பார்ப்பார்கள். செத்த அணு சாயத்தை உறிஞ்சிச் சிவக்கும், உயிருள்ளது வெள்ளையாகவே நிற்கும். வால் சுருண்டது, தலை கழன்றது, கழுத்து முறிந்தது எல்லாம் எத்தனை என்று நூறு, இருநூறு எண்ணுவார்கள். காளைக்கு நூற்றுக்கு 70 ஒழுங்கான உருவத்தோடும், குறைந்தது 30 முன்னோக்கி நீந்துவதாகவும் இருந்தால் தேர்ச்சி என்பது பரவலாக உள்ள அளவுகோல். முடிவை மூன்றாகச் சொல்வார்கள்: தேறியது, கழிக்க வேண்டியது, பொறுத்துப் பார்க்க வேண்டியது. மூன்றாவது வந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் புது விந்தணு வந்திருக்கும். ஒரே ஒரு பரிசோதனையில் கெட்ட முடிவு வந்ததற்காக நல்ல கிடாவை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

பசு மாட்டுக்கு சினை ஊசி போடுகிறவர்கள் இதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை, உறைவிந்து நிலையத்திலேயே செய்துவிடுகிறார்கள். கால் மில்லிக் குச்சியில் குறைந்தது இரண்டு கோடி விந்தணு, உறைநிலையிலிருந்து எடுத்த பிறகும் பாதி நீந்த வேண்டும் என்பது நமது நாட்டு விதி. அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். ஆடுகளுக்கு நமது பக்கம் இன்னும் கிடாதான் கதி. ஆகவே சோதிக்கிற பொறுப்பு நம் தலையில்தான் இருக்கிறது.

விந்து நல்லது, ஆசை இல்லை

சில கிடாவுக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஏற மட்டும் மனம் வராது. பருவத்துக்கு வந்த இரண்டு மூன்று பெட்டையோடு கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். மூத்திரத்தை மோந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டி வானம் பார்க்கும், முன்னங்காலால் தட்டும், சீக்கிரமே ஏறும். ஆண்களோடு மட்டுமே வளர்ந்த இளங்கிடா முதல் நாள் திகைத்து நிற்கும். அதற்கு ஒரு வாரம் கொடுங்கள். நிறைய ஏறுகிற கிடாவெல்லாம் நல்ல விந்துள்ள கிடா என்றும் நினைத்துவிடக்கூடாது. எங்கள் கொம்புக்காரன் ஏறினதற்குக் குறைவே இல்லை.

வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கொம்பு முளைக்காத மொட்டைக் கிடாவையும் மொட்டைப் பெட்டையையும் சேர்க்காதீர்கள். வெள்ளாட்டில் கொம்பின்மையோடு இன்னொரு குறையும் சேர்ந்தே வருகிறது. பிறக்கிற பெட்டைக் குட்டிகளில் சில ஆண், பெண் உறுப்புகள் கலந்து மலடாக நின்றுவிடும். இணையில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருக்கட்டும். செம்மறிக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எங்கிருந்து எடுப்பது?

நமது பக்கம் கிடாவின் தரம் இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பேச எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. பங்குனி உத்திரம், சித்திரைக் கொடை, ஆடிக் கொடை என்று வந்தால் மந்தையில் வேகமாக வளர்ந்த, குறையில்லாத கிடாக்குட்டிதான் முதலில் போகிறது. சாமிக்குக் குறையில்லாததைத்தான் கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்து எனக்கு இல்லை. வியாபாரியும் அதையேதான் கேட்கிறார். யாரும் கேட்காமல் மிஞ்சுவது மெதுவாக வளர்ந்த குட்டி. அதுவே பெட்டைகளோடு நின்று நின்று பொலிகிடா ஆகிவிடுகிறது. இப்படிப் பத்து வருடம் போனால் மந்தை தானாகவே சிறுத்துவிடும். குட்டி மூன்று மாதமாகும்போதே, சீக்கிரம் ஈன்ற, பால் நிறைந்த தாயின் குட்டிகளில் இரண்டைக் குறித்து வைத்து, இது விற்பனைக்கு இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அவற்றைச் சொந்த மந்தையில் பொலிய விடாமல் வேறு ஊர்க்காரரோடு மாற்றிக்கொண்டால் உறவுக்குள் சேர்வதும் தவிரும். ஒரே கிடாவை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்தால் அதன் மகள்களே பருவத்துக்கு வந்து நிற்பார்கள்.

சந்தையில், மேலப்பாளையமோ எட்டயபுரமோ, வாங்கத்தான் வேண்டும் என்றால் கட்டாயம் தடவிப் பாருங்கள். இடுக்கியால் காயடித்த கிடாவுக்குப் பை அப்படியே தொங்கும், உள்ளே விதை சூம்பிப்போயிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வாங்கி வந்த கிடாவை மூன்று வாரமாவது தனியே வைத்திருந்து, பரிசோதனை முடித்து, பிறகு மந்தையில் சேருங்கள்.

கரிசல் பக்கத்தில் பருத்திக்கொட்டை அரைத்து வைப்பது கௌரவமான தீனி. பால்மாட்டுக்கு நல்லதுதான். பொலிகாளைக்கும் பொலிகிடாவுக்கும் அளவுக்கு மீறி வைக்காதீர்கள். அதில் இருக்கும் காசிப்பால் என்ற பொருள் விந்தணுவின் வால் தொடங்குகிற பகுதியைக் கெடுக்கிறது. இளங்காளைகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். கடலைப் புண்ணாக்கும் அகத்தி, வேலிமசால் குழையும் போதும்.

கடைசிச் சோதனை மந்தையில்

இவ்வளவு பார்த்துக் கிடாவை விட்ட பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. செலவே இல்லாதது. செங்காவிப் பொடியை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு நடுவில் அப்புங்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். ஏறின ஒவ்வொரு பெட்டையின் பின்பக்கத்திலும் காவி ஒட்டும். எந்த ஆடு, எந்தத் தேதி என்று நோட்டில் எழுதுங்கள். செவ்வாட்டில் காவி தெரியாது, சாக்பீஸ் பொடி குழைத்துப் பூசலாம்.

பதினாறாம் நாள் நிறத்தை மாற்றுங்கள். துணிக்குப் போடுகிற நீலப்பொடி நன்றாக ஒட்டும். சினை பிடித்த ஆடு மறுபடி பருவத்துக்கு வராது, அதன் மேல் நீலம் ஏறாது. வெள்ளாடு என்றால் பருவச் சுற்று ஏறக்குறைய 21 நாள், அதற்கேற்ப இருபதாம் நாள் மாற்றுங்கள். அதற்கு அடுத்த சுற்று முடியும்வரை தினமும் காலையில் பட்டியைத் திறக்கும்போது வாசலில் நின்று எண்ணுங்கள். காவி பட்ட ஆடுகளில் ஒன்றிரண்டில் நீலம் இருந்தால் ஆட்டைப் பாருங்கள். பாதிக்கு மேல் நீலமாக வந்தால் அன்றைக்கே கிடாவைப் பிடித்துக் கட்டிவிட்டு, பக்கத்து மந்தையில் சோதித்த கிடா ஒன்றைக் கேட்டு வாங்கி விடுங்கள்; ஆவணியில் இன்னும் நாள் இருக்கும்.